நிணநீர்ப் புற்றுநோய் ஆராய்ச்சியும் அரசு நிதியும்

கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால் அதனைப் பெரிதாக எண்ணுவோர் நம்மிடையே குறைவு. பெரும்பாலும் அது ஏதேனும் ஒரு சிறு தொற்றின் விளைவே. சில நாட்களில் தானே வற்றிவிடும். ஆனால் வலியின்றி வளர்ந்து, வாரக்கணக்கில் வற்றாமல் நிற்கும் வீக்கம் சிலரிடம் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயின் அறிகுறியாக அமைகிறது. இந்நோய்க்கான சிகிச்சையில் அண்மையில் ஏற்பட்டுள்ள முன்னேற்றம் மருத்துவர்களுக்கு மட்டுமன்றி, திட்டமிடுதலிலும் நிதி நிர்வாகத்திலும் ஈடுபட்டுள்ளோருக்கும் படிப்பினை தருவதாகும்.

நோயும் மருந்தும்

இரத்த வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு நிணநீர் அணுக்கள். நோய்த் தொற்றை எதிர்த்து உடலைக் காக்க வேண்டிய இவ்வணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே லிம்போமா. இலண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்த நோய் இதன் ஒரு வகை. அவர் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. ஏனைய வகைகளில் பெரும்பாலானவை பி-அணுக்களில் தோன்றுபவை.

பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் முறை 1970-களில் நிலைபெற்றது. 1997-இல் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு இணையான மருந்தை இந்திய நிறுவனம் ஒன்று 2007-இல் குறைந்த விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவற்றால் பலர் குணமடைகின்றனர். எனினும் மருந்துக்குப் பணியாத, அல்லது பணிந்து மீண்டும் தலைதூக்கும் நோய்க்கு என்ன செய்வது என்ற வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது.

இருபத்தெட்டு ஆண்டுகள்

நோயாளியின் உடலிலிருந்தே டி-அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காணும் மரபணுவை அவற்றினுள் புகுத்தி, ஆய்வுக் கூடத்தில் பெருக்கி, மீண்டும் அவர் உடலில் செலுத்துவதே கார்-டி எனப்படும் சிகிச்சை. இதன் அடிப்படைக் கருத்தை இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த செலிக் எஷார் குழுவினர் 1989-இல் வெளியிட்டனர். லிம்போமா நோயாளி ஒருவருக்குப் பயன் கிட்டியதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2010-இல் அறிவித்தது. லிம்போமாவுக்கான முதல் கார்-டி மருந்துக்கு 2017-இல் அந்நாடு அனுமதி அளித்தது. இடைப்பட்ட காலம் 28 ஆண்டுகள். தொடக்க கால ஆராய்ச்சியின் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களிலும் அரசு நிறுவனங்களிலுமே நிகழ்ந்தது. அனுமதி பெற்ற அம்மருந்தின் விலையோ 3,73,000 டாலர். அன்றைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ 2.4 கோடி ரூபாய்.

இந்திய முயற்சி

மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து இச்சிகிச்சையை உள்நாட்டில் உருவாக்க முற்பட்டன. எலியிலிருந்து பெறப்பட்ட புரதப் பகுதி மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றியமைக்கப்பட்டது. மத்திய அரசின் தேசிய உயிர்மருந்து இயக்கம் மனிதரிடையிலான சோதனைக்கு 19.15 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2021 ஜூன் மாதம் நவி மும்பையில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி வழங்கியது. 64 நோயாளிகளைக் கொண்ட சோதனையின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. பயனை மதிப்பிட இயன்றவர்களில் 73 சதவீதத்தினரிடம் நோய் தணிந்தது. அறிமுகமான வேளையில் இதன் விலை 30 முதல் 40 இலட்சம் ரூபாய் அளவில் கூறப்பட்டது.

செலவின் இயல்பு

பெருமளவில் உற்பத்தி செய்தால் செலவு குறையும் என்பது பொருளாதாரத்தின் பொது விதி. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய அணுக்களைக் கொண்டே தனித்தனியாகத் தயாரிக்க வேண்டிய இம்மருந்துக்கு அவ்விதி முழுமையாகப் பொருந்தாது. மரபணுவைச் சுமந்து செல்லும் நச்சுயிரி, தூய்மை குன்றாத ஆய்வறை, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய மூன்றுமே இங்கு விலையை நிர்ணயிக்கும் காரணிகளாகும்.

இவற்றுள் மூன்றாவதே நம் கவனத்திலிருந்து எளிதில் தப்புவது. ஆய்வு மேசையில் அன்றாடம் உழைப்போரில் பெரும்பாலோர் உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர்களும் ஒப்பந்தப் பணியாளர்களுமே. இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி பொதுவாக மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும். ஆய்வுக் கூடத்தில் வளரும் அணுக்கள் நிதியாண்டின் முடிவை அறியா. திட்டம் முடிந்து பணியாளர் கலைந்தால், அவர் கைத்திறனும் உடன் சென்றுவிடும். அடுத்த திட்டம் புதியவருக்குப் பயிற்சி அளிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் இந்தியா செலவிட்ட தொகை 2020-21-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தொகையை உயர்த்துவது போலவே, அது தடையின்றிச் சென்றடைவதும் முக்கியமானதாகும்.

எஞ்சியுள்ள தூரம்

பிரதம மந்திரியின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. இந்தியச் சிகிச்சையின் விலை இதைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு. அமெரிக்க விலையுடன் ஒப்பிட்டு நாம் பெருமை கொள்ளலாம். நிலமற்ற விவசாயத் தொழிலாளியின் குடும்பத்திற்கு அவ்வொப்பீட்டால் பயனில்லை.

ஆகவே செய்யத்தக்கவை நான்கு. முதலாவதாக, நச்சுயிரி போன்ற இடுபொருள்கள் அனைத்தும் உள்நாட்டிலேயே தயாராக வேண்டும். இரண்டாவதாக, பயிற்சி பெற்ற ஆய்வுக் கூடப் பணியாளர்களுக்கு நிலையான பணியிடங்கள் வேண்டும். மூன்றாவதாக, சோதனைக் கட்டத்தை எட்டிய ஆராய்ச்சிக்குப் பல ஆண்டு நிதி ஒரே ஒப்புதலில் கிடைக்க வேண்டும். நான்காவதாக, பொது நிதியால் வளர்ந்த சிகிச்சைக்கு அனுமதி அளிக்கும்போதே, அரசு மருத்துவமனைகளுக்கான தனி விலையையும் பேசி முடிக்க வேண்டும்.

அறிவியல் கண்டுபிடிப்பு ஆய்வாளரின் சாதனை. அதனை எளியோர்க்கும் எட்டச் செய்வது நிர்வாகத்தின் கடமை.