திண்ணைக்கு எத்தனை செங்கல்?

கேள்வி: வாசலில் 10 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை கட்டவேண்டும். கொத்தனார் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். நம்பலாமா?
(வாசகர், கூத்தாநல்லூர்)

பதில்: தொகையை விடுங்கள், அளவைக் கேளுங்கள். திண்ணை முழுக்கச் செங்கல் இல்லை. முன்னாலும் இரு பக்கமும் முக்கால் அடிச் சுவர், உள்ளே மணல்தான். தரைக்குக் கீழே ஓரடி சேர்த்தால் சுமார் 27 கன அடிக் கட்டு. கன அடிக்கு 13 செங்கல். உடைசலோடு 400 போதும். மணல் அமுங்கும், 35 கன அடி வையுங்கள். யூனிட் என்பது 100 கன அடி. முழு யூனிட்டுக்குக் காசு கேட்டால் மீதி எங்கே என்று கேளுங்கள்! மேலே 30 சதுர அடிக்குச் சிவப்பு ஆக்சைடா, ஆத்தங்குடிக் கல்லா என்பதில்தான் செலவு ஏறும், இறங்கும். நம் டெல்டா களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஓரடி ஆழம் போதாது என்று கொத்தனார் சொன்னால், அங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள்.