விண்டோஸ் புதிதாகப் போட்டாச்சு, வைஃபை எங்கே?

விண்டோஸை மறுபடி நிறுவியதும் வைஃபை காணாமல் போவது வழக்கம். டிரைவர் இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்'கை இயக்குங்கள். பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும். (டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

அடுத்து விண்டோஸ் அப்டேட். அதில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியைப் பலர் திறப்பதே இல்லை. விடுபட்ட டிரைவர்கள் பல அங்கேதான் இருக்கும்.

அப்படியும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கிறதா? அதை வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். 'வென்' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண் தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. பெயரே தெரியாத சாதனத்தையும் இப்படிப் பிடித்துவிடலாம். பிழை எண் 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனம் இயங்கத் தொடங்கவில்லை.

டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். முதலில் சிப்செட், பிறகு மற்றவை. 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று ஆசை காட்டும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். வேண்டாத சாமான்களும் கூடவே வந்து உட்காரும்.

விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லையா? இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான லேப்டாப்கள் சிலவற்றில் இது நடக்கும். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை விரித்து பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' கொடுங்கள்.