நெடிய உடலும் நெடிய வாழ்வும்

நெடுமை என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் இடத்துக்கும் வழங்குவர்; காலத்துக்கும் வழங்குவர். உயர்ந்த மரத்தை நெடுமரம் என்றும், பல்லாண்டு வாழ்தலை நெடுவாழ்வு என்றும் கூறுதல் வழக்கு. சொல் ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்றையொன்று தொடருமோ? நெட்டையான உடலுடையார் நெடுநாள் வாழ்வரோ? அன்றி, குறுமுனி எனப் பெயர் பெற்ற அகத்தியரை நெடுங்காலம் வாழ்ந்தவராகப் போற்றும் புராண மரபே உண்மைக்கு அண்மையதோ? வாழ்நாளின் அளவு உடலின் உயரத்தைப் பொறுத்ததா, வாழும் முறையைப் பொறுத்ததா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

முதலில் விலங்குகளை நோக்குவோம். யானை எலியினும் பன்மடங்கு காலம் வாழ்கின்றது. ஆதலின் பேருடல் பெருவாழ்வு தரும் என முடிவு செய்யத் தோன்றும். ஆயின், நாய்களை எடுத்துக்கொண்டாற் சிற்றுடல் நாய்களே பேருடல் நாய்களினும் நீண்டநாள் வாழக் காண்கின்றோம். இனத்துக்கு இனம் ஒரு விதியும் ஓரினத்துள்ளே மற்றொரு விதியும் காணப்படுதலின், விலங்குகளைக் கொண்டு மனிதருக்கு விதி வகுத்தல் பொருந்தாது. மனிதரையே அளந்தும் எண்ணியும் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு அளந்தோர் பலர். நோர்வே நாட்டில் 1963 முதல் 1975 வரை ஏறக்குறைய 18 இலட்சம் மக்களின் உயரமும் நிறையும் அளக்கப்பட்டன. அக்கணக்கைக் கொண்டு ஹான்ஸ் வாலர் என்பார் 1984 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் குட்டையானோரிடையே இறப்பு மிகுந்திருத்தலும், உயரம் கூட இறப்புக் குறைதலும் புலனாயின. பின்னர் 2012 இல், பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய 121 ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதன்படி, உயரம் ஆறரைச் சென்ரிமீற்றர் கூடுந்தோறும் இருதய நோய், இரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 6 பங்கு குறைகின்றது. புற்றுநோயால் இறக்கும் வாய்ப்போ நூற்றுக்கு 4 பங்கு கூடுகின்றது. எல்லா நோய்களையும் ஒருங்கு சேர்த்து நோக்கின், நெட்டையர் பெறும் நன்மை நூற்றுக்கு 3 பங்கு மாத்திரமே.

இதற்கு மாறான சான்றுகளும் உள. ஹாவாய்த் தீவில் 1900 முதல் 1919 வரை பிறந்த யப்பானிய மரபினரான 8,006 ஆடவரை 1965 தொடக்கம் வைத்தியர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவருட் குட்டையானோரே நீண்டநாள் வாழ்ந்தனர் என்பது 2014 இல் வெளியாயிற்று. இத்தாலி நாட்டுச் சார்டினியாத் தீவின் மலைக்கிராமமொன்றில், படைக்கு ஆள் சேர்க்குங்கால் அளந்து எழுதிய பழைய ஏடுகளை ஆராய்ந்தோரும், எழுபது வயதைத் தாண்டியவருட் குட்டையர் நெட்டையரினும் ஏறத்தாழ 2 ஆண்டு மிகுதியாக வாழ்ந்தமையைக் கண்டனர்.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் யாது? உயரம் என்பது இரு வேறு ஊற்றுக்களிலிருந்து வருவது. ஒன்று பெற்றோர் வழிவரும் மரபு. மற்றொன்று குழந்தைப் பருவத்து உணவும் நோயும். மரபு காரணமாகக் குட்டையானவனுக்கு அக்குட்டை ஒரு குறைபாடன்று. ஹாவாயிற் குட்டையான உடலோடும் நீண்ட ஆயுளோடும் ஒருங்கே தொடர்புடைய ஒரு பரம்பரை அலகும் கண்டறியப்பட்டது. ஆனால், பாலும் பருப்புமின்றி, அடிக்கடி காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டு வளர்ச்சி குன்றிய குழந்தையின் நிலை வேறு. அவனது எலும்பைக் குறுகச் செய்த வறுமையே அவனது இருதயத்தையும் நுரையீரலையும் நலிவடையச் செய்துவிடுகின்றது. நோர்வேயின் கணக்கிற் குட்டையரின் ஆயுளைக் குறைத்தவற்றுள் இவ்விளமை வறுமைக்குப் பெரும்பங்குண்டு எனலாம். நெட்டையரிடம் புற்றுநோய் சற்று மிகுதற்கும் காரணம் கூறுவர்: பெரிய உடலிற் கலங்கள் பல; அவை பிரியுந்தோறும் பிழை நேர்தற்கு இடமுண்டு; உடலை வளர்க்கும் ஓமோன்களும் அக்கலங்களைத் தூண்டுகின்றன என்பர்.

எக்குவடோர் நாட்டின் தென்பகுதியில் வாழும் ஒரு சிறு கூட்டத்தாரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். வளர்ச்சி ஓமோனை உடல் ஏற்றுக்கொள்ளாத இலாரன் குறைபாடு உடையவர் அவர், ஏறக்குறைய நூற்றுவர், மிகக் குட்டையர். அவரிடம் புற்றுநோயும் நீரிழிவும் மிக அரியன என்பது 2011 இல் அறிவிக்கப்பட்டது. அங்ஙனமாயின் அவர் நூறாண்டு வாழ்ந்தனரோ? இல்லை. விபத்து, மது முதலியன அவருட் பலரைக் கொண்டுபோயின. உடலமைப்பு அளித்த வரத்தை வாழ்க்கை முறை பறித்துக்கொண்டது.

உயரம் மாறாதிருக்க ஆயுள் மட்டும் மாறுதல் கூடுமோ என்பதற்கு நம் இலங்கையே சான்று. 1946 இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 ஆகத் தாழ்ந்தது. டி.டி.ரி. மருந்து தெளித்து மலேரியாவை அடக்கியமையும், ஆஸ்பத்திரிகள் பெருகியமையும், உணவு வசதி சீர்ப்பட்டமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படும். வளர்ந்த மக்கள் ஓராண்டில் ஓர் அங்குலமும் உயர்ந்திலர். ஆயினும் யமனுக்கு இரையானோர் தொகை குறைந்தது.

இனி வாழும் முறையை நோக்குவோம். இலண்டன் மாநகரின் மாடி பஸ்களில் ஒரே ஊதிய வகுப்பினரான இருவர் பணிபுரிந்தனர்: நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சாரதி ஒருவர், படிகளில் ஏறியிறங்கும் நடத்துநர் ஒருவர். நடத்துநரிடம் இருதய நோய் குறைவு என 1953 இல் ஜெரி மொறிஸ் என்னும் அறிஞர் வெளியிட்டார். பின்னர் சீருடை வழங்கிய ஏட்டைப் புரட்டி, சாரதியரின் காற்சட்டை இடுப்பளவு பெரிதாயிருந்தமையையும் அவரே கண்டு, தொழிலின் வேறுபாட்டோடு உடலின் வேறுபாடும் கலந்திருத்தலை நேர்மையுடன் எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சியாளர்க்கு அழகு இதுவாம்.

பிரித்தானிய வைத்தியர்களிடையே 1951 இல் தொடங்கி அரை நூற்றாண்டு நடைபெற்ற ஆராய்ச்சி இதனினும் தெளிவானது. வாழ்நாள் முழுதும் சிகரெட் புகைத்தோர் ஏறக்குறைய 10 ஆண்டு வாழ்வை இழந்தனர். 60 வயதில் அதனை விட்டவர் 3 ஆண்டும், 50 இல் விட்டவர் 6 ஆண்டும், 40 இல் விட்டவர் 9 ஆண்டும் மீளப் பெற்றனர். புகையிலைப் பணத்தாற் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடாநாட்டுக் குடும்பங்களுக்கு இது கசப்பான செய்தியே. எனினும் மருந்தெனக் கொள்ளத்தக்கது. கலிபோர்ணியாவின் அலமீடாப் பகுதியில் 1965 இல் 6,928 பேரிடம் தொடங்கிய ஆய்விலும், போதிய உறக்கம், அளவான நிறை, உடற்பயிற்சி, புகையாமை முதலிய ஏழு பழக்கங்களுள் ஆறேனும் கைக்கொண்ட 45 வயது ஆடவர், மூன்றுக்கு மேற்படாதவற்றைக் கைக்கொண்டாரினும் ஏறக்குறைய 11 ஆண்டு மிகுதியாக வாழ எதிர்பார்க்கலாம் எனக் கண்டனர்.

யப்பானின் ஒக்கினாவாத் தீவு நமக்கு ஓர் எச்சரிக்கை. வற்றாளங்கிழங்கும் காய்கறியும் உண்டு, வயலில் உழைத்த அத்தீவின் முதியோர் உயரத்திற் குறைந்தவர். ஆயுளில் உலகப் புகழ் பெற்றவர். இரண்டாம் உலகப் போரின் பின் 1972 வரை அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த அத்தீவிற் கொழுப்பு மிக்க உணவும், நடவாத வாழ்வும் பரவின. 2000 ஆம் ஆண்டுக் கணக்கில், யப்பானின் 47 மாகாணங்களுள் ஒக்கினாவா ஆடவரின் ஆயுள் 26 ஆம் இடத்துக்கு இறங்கியது. தீவும் மரபும் மாறவில்லை. மாறியவை உணவும் நடையுமே.

ஆகவே உயரம் ஆயுளை விதிக்கும் எழுத்தன்று. இளமையில் உடல் பெற்ற ஊட்டத்தையும் பட்ட துன்பத்தையும் மரபோடு சேர்த்துக் காட்டும் குறிப்பேடு. அக்குறிப்பேட்டின் பயன் குழந்தைப் பருவத்தில் உண்டு. வளர்ந்த பின் அதை எண்ணி வருந்துதலாற் பயனில்லை. வரிசையில் முதலில் நிற்கும் குள்ளமான மாணவன் மனங்குன்ற வேண்டா. இறுதியில் நிற்கும் நெட்டையான மாணவன் இறுமாப்படைய வேண்டா. ஆனால், சென்ற ஆண்டு நன்கு வளர்ந்த சிறுவன் இவ்வாண்டு வளராது நின்றால், வீட்டில் அடுப்பு எரிகின்றதா, வயிற்றிற் பூச்சியுண்டா, மறைந்த நோயுண்டா என வினாவுதல் ஆசிரியர் கடன். அளவுகோலும் தராசும் ஒரு குறிப்புப் புத்தகமும் இதற்குப் போதும். ஆண்டுக்கு இருமுறை கீழ்வகுப்பு மாணவர் அனைவரையும் அளந்து எழுதுதலையும், தளர்ந்தவர்க்குக் காலையுணவு அளித்தலையும் பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டிலேயே மேற்கொள்ளுமாயின், அது கட்டடத்தினும் நீடித்து நிற்கும் அறமாகும்.

நடுவயதை எட்டிய பழைய மாணவர்க்குக் கூறத்தக்கது இன்னும் சுருக்கமானது. கைவிரலிற் சிகரெட்டு இருப்பின் இன்றே எறிக. சோற்றைச் சிறிது குறைத்துக் கீரையைக் கூட்டுக. மாலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வருக.