கத்தி எத்தனை வெட்டு தாங்கும்?



"கேம் ஆடுறவனுக்கு டிப்ளமோ எதுக்குடா?" என்று ஹாஸ்டலில் கேட்கும் சீனியர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வீடியோ கேமில் கத்தி எப்படித் தேய்கிறது, அந்த வேகத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று பார்க்கப்போனால், நம் சிலபஸே அதற்குள் இருக்கிறது.

மைன்கிராஃப்டில் கணக்கு எளிது. மரக்கத்தி 59, கல் 131, இரும்பு 250, வைரம் 1561. எதிரியை ஒரு முறை வெட்டினால் ஒன்று குறையும். அதே கத்தியால் கட்டையை உடைத்தால் இரண்டு குறையும். தங்கம் வெறும் 32, மரத்தை விடக் கேவலம்! 'அன்பிரேக்கிங்' என்ற மந்திரத்தை மூன்றாம் நிலையில் ஏற்றினால், ஒவ்வொரு அடிக்கும் தேய்மானம் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். 250 என்ற எண்ணைத் தொடாமலேயே, இரும்புக் கத்தி சராசரியாக 1000 வெட்டு தாங்குகிறது. மேத்ஸ் வகுப்பில் தூங்கியவர்கள் ப்ராபபிலிட்டியை இங்கே பிடித்துக்கொள்ளலாம்.

இனி வருவதுதான் முக்கியமான கேஸ். 2014-இல் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 'டார்க் சோல்ஸ் 2' வெளியிட்டது. கம்ப்யூட்டரில் நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் ஆடியவர்களுக்குக் கத்தி சீக்கிரமே உடைந்தது. 30 பிரேமில் ஆடியவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தேய்மானம்! கேம் ஒன்று, கத்தி ஒன்று, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

தேய்மானம் பிரேம் கணக்கில் ஓடியதுதான் காரணம். ஒரு வீச்சில் கத்தி உடலுக்குள் 0.2 நொடி இருக்கிறது, பிரேமுக்கு ஒரு புள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பிரேமில் 6 புள்ளி போகும், 60 பிரேமில் 12 போகும். ஆயுள் 60 உள்ள கத்தி ஒருவருக்குப் பத்து வீச்சு உழைக்கும், இன்னொருவருக்கு ஐந்தே வீச்சு. நல்ல மெஷின் வாங்கினவனுக்குத் தண்டனை! ஆட்டக்காரர்கள் புகார் செய்து, 2015-இல்தான் இது திருத்தப்பட்டது.

இந்த மாதிரிப் பிழைக்கு 'ஆயுளை 120 ஆக்கிட்டாப் போச்சு' என்று மருந்து போட்டால் 30 பிரேம்காரனுக்குக் கத்தி இரண்டு மடங்கு உழைக்கும். தேய்மானத்தை நொடிக்கு இவ்வளவு என்று வைத்து, பிரேம் நேரத்தால் பெருக்க வேண்டும். நொடிக்கு 30 புள்ளி என்றால், 60 பிரேமில் ஒரு பிரேமுக்கு 0.5. பன்னிரண்டு பிரேமுக்கு அதே 6. ஆனால் சி லாங்குவேஜில் இந்த 0.5-ஐ இன்ட் வேரியபிளில் போட்டால் அது பூஜ்யமாகிவிடும், கத்தி சிரஞ்சீவியாகிவிடும். ஃப்ளோட் கட்டாயம். என்னைக் கேட்டால், ஒரு வீச்சுக்கு ஒரே கணக்கு என்று வைப்பது இதையும் விடச் சுத்தம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் லேத்துக்கும் வருகிறேன். டெய்லர் 1907-இல் வெளியிட்ட டூல் லைஃப் சூத்திரத்தில், ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு n மதிப்பு 0.125 என்று எடுத்துக்கொண்டால், வெட்டும் வேகத்தை 10 சதவீதம் கூட்டினாலே டூல் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். இரட்டிப்பாக்கினால் 256-இல் ஒரு பங்கு! இந்த நிஜத்தை எந்த கேமும் இவ்வளவு கொடூரமாகக் காட்டுவதில்லை. காட்டினால் யார் ஆடுவார்கள்?

வேண்டுமென்றே சீக்கிரம் உடைய விடுகிறவர்களும் உண்டு. நின்டெண்டோவின் 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) விளையாட்டில் ஆயுதங்கள் பொலபொலவென்று உடையும். ஒரே கத்தியைக் கட்டிக்கொண்டு அழாமல், கிடைத்ததை எடுத்துச் சண்டை போடத்தான் இந்த ஏற்பாடு. உடையும் அந்தக் கடைசி அடிக்கு இரட்டைச் சேதம் என்று ஆறுதல் பரிசும் உண்டு. சிலருக்கு இது பிடிக்கவே இல்லை. எனக்குப் பிடிக்கும். 2023-இல் வந்த அடுத்த பாகத்தில் உடைவது அப்படியே இருக்க, குச்சியில் கல்லை ஒட்டி வலுவும் ஆயுளும் கூட்டிக்கொள்ள வழி செய்தார்கள்.

மினி ப்ராஜெக்டுக்கு கேம் எழுதுகிறவர்கள் ஆயுள் எண்களைப் புரோகிராமுக்குள் புதைக்காமல் தனி ஃபைலில் வையுங்கள். 30-இலும் 60-இலும் ஓட்டி, எத்தனை வீச்சில் உடைகிறது என்று எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு எண்ணை மாற்றலாம்.