கொட்டேஷனின் கீழ்ப்பாதி

கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் "ஷோரூம் விலையில எவ்வளவு குறைப்பீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த விலையை வைப்பது கார் கம்பெனி. டீலர் தன் லாபத்திலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், அவ்வளவுதான். பேச நிறைய இடம் இருப்பது அதற்குக் கீழே: இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், ஹேண்ட்லிங் சார்ஜ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, லோன் பிராசஸிங். நான் ஆண்டார்குப்பம் பக்கம் ஒரு கன்டெய்னர் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் பில் போடுகிறவன். லாரி வாடகையில் எங்களுக்கும் பார்ட்டிகளுக்கும் தகராறு வருவது அபூர்வம். ஹால்டிங், லோடிங் கூலி, எடை மேடைக் காசு என்று வாடகைக்குக் கீழே வரும் வரிகளில்தான் வழக்கு முழுக்க. அந்தப் பழக்கத்தில்தான் கார் கொட்டேஷனையும் படிக்கிறேன். மணலி புதுநகரில் எங்கள் தெருவில் யார் வண்டி எடுத்தாலும் அந்தத் தாள் ஒருமுறை என் கைக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

எங்கள் பகுதிக்கும் காருக்கும் உறவு பழையது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி, எண்ணூரில் முதலில் அசெம்பிள் செய்தது ஆஸ்டின் கார்களைத்தான். இன்றைக்கும் ஏற்றுமதிக்குப் போகும் புதுக் கார்களைச் சுமந்த டிரெய்லர்கள் காமராஜர் துறைமுகத்துக்கு எங்களைத் தாண்டித்தான் போகின்றன. வாங்க வேண்டுமென்றால் நாங்கள் மாதவரம், கொளத்தூர், அண்ணா நகர், அம்பத்தூர் என்று கிளம்ப வேண்டியிருக்கிறது.

எந்த டீலரிடம் போவது என்பதை ஷோரூமைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏ.சி.யும் காபியும் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். அதே டீலரின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய் உட்காருங்கள். வண்டி விட வந்தவர்கள் அங்கே சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு வண்டி வருகிறதா, எஸ்டிமேட்டில் போட்ட தொகைக்கும் பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம், மாற்றிய பழைய பாகத்தைக் கண்ணில் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். எங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மணலி புதுநகர் வரை வந்து வண்டியை எடுத்துப்போய்த் திரும்ப விடுவார்களா, அதற்குக் காசு எவ்வளவு? எம்.எஃப்.எல். சந்திப்பில் டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டால் ஒரு சர்வீஸுக்கு அரை நாள் லீவு போய்விடும். வாங்குகிற அன்று ஐயாயிரம் குறைத்துக் கொடுத்த டீலர் எட்டு வருஷம் அலைய விடுவார் என்றால் அந்த ஐயாயிரம் எனக்கு வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ் வண்டியையும் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மாதவரத்து அகல ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் மிதக்கும். மணலி விரைவு சாலையில் நாற்பதடி டிரெய்லருக்குப் பக்கத்தில், பள்ளத்தில் இறக்கி ஏற்றி ஓட்டும்போதுதான் அடிப்பாகம் இடிக்கிறதா, கண்ணாடியில் பக்கவாட்டு வண்டி முழுசாகத் தெரிகிறதா என்பது விளங்கும்.

மாடலும் வேரியண்ட்டும் கலரும் முடிவான பிறகு, ஒரே பிராண்டின் வேறு வேறு டீலர்களிடம் அதே வண்டிக்கு லெட்டர்ஹெட்டில் கொட்டேஷன் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "ஆன்-ரோடு 8.40" என்று ஒற்றை எண் அனுப்புவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வரி வரியாகப் பிரித்து, தேதியும் கையெழுத்தும் போட்ட தாள் வேண்டும்.

எதிர்வீட்டுத் தம்பிக்காக ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. தாளில் சாலை வரிக்கு அடுத்து 'லாஜிஸ்டிக்ஸ் அண்ட் ஹேண்ட்லிங்' என்று ஒரு தொகை இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"எல்லாருக்கும் போடுறதுதான் சார். யார்டுலேர்ந்து வண்டி கொண்டாரணும் இல்ல?"

"சரிம்மா. இதே பேர் போட்டு, ஜி.எஸ்.டி. நம்பரோட தனி பில் குடுத்துடுங்க. கட்டிடறோம்."

அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அந்த வரியின்மேல் நீல மையில் ஒரு கோடு, ஓரத்தில் மேனேஜரின் சுருக்கொப்பம். குரலை உயர்த்தவே தேவைப்படவில்லை. வண்டியை ஷோரூம் வரை கொண்டுவரும் செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. ஹேண்ட்லிங் அரசுக்குப் போகும் காசும் கிடையாது. வேலை செய்யும் அந்தப் பிள்ளைகளிடம் கோபப்படாதீர்கள். மாதக் கணக்குக்கு ஓடுகிறவர்கள் அவர்கள், முடிவெடுப்பவர் உள்ளே இருப்பவர்.

குறைக்க முடியாத வரி சாலை வரி. ஆனால் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் வேரியண்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் காருக்கான ஆயுட்கால வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்துக் கோட்டைக் கவனியுங்கள். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் வண்டிக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகத் தந்து அலாய் வீல் வைத்த வேரியண்ட்டை எடுப்பவர், ஐம்பத்தோராயிரத்துக்கு மேல் கூடுதல் வரியாகக் கட்டுகிறார். பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்றும் பிடிப்பார்கள். அது மட்டும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நம் கணக்கில் வரும், விட்டுவிடாதீர்கள்.

2025 செப்டம்பர் 22-இல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி. வரை, டீசல் என்றால் 1500 வரை. அதற்கு முன் 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்தன. புக்கிங் ரசீதில் 'டெலிவரி அன்றைய விலையே செல்லும்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். வழக்கமாக அந்த வாசகம் நமக்கு எதிரானது. ஆகஸ்டில் புக் செய்துவிட்டு அந்தத் தேதிக்குப் பின் பில் போட்டவர்களுக்கு அதுவே கைகொடுத்தது.

கொட்டேஷனில் நான் அதிக நேரம் செலவழிக்கும் வரி இன்சூரன்ஸ்தான். டீலர் சொல்லும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம்; அதன் பிரீமியம் அரசு வைப்பது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றே. வித்தியாசம் முழுக்க நம் வண்டிக்கான ஓன் டேமேஜ் பகுதியில். வெளியே விலை கேட்கும்போது ஐ.டி.வி. (வண்டி முழுசாகப் போனால் காப்பீட்டில் கிடைக்கும் உச்சத் தொகை) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். ஐ.டி.வி.யை இறக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள். அந்த சர்வீஸ் சென்டரோடு எந்தெந்தக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் இருக்கிறதென்று பட்டியல் கேட்டு, அதிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெளி விலையைக் காட்டியதும் பல இடங்களில் டீலரே அந்த விலைக்கு இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பாலிசியோடு சேர்க்கும் ஆட்-ஆன்களில் மற்ற எதைக் குறைத்தாலும், எங்கள் பக்கத்துக்காரர்கள் என்ஜின் ப்ரொடெக்ஷனைக் குறைக்கக் கூடாது. 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பகுதியில் தண்ணீர் எப்படி ஏறியது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.  தண்ணீர் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் பிடித்துக்கொண்டால், சாதாரண பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. ஆட்-ஆன் இருந்தாலும், மூழ்கிய வண்டியில் சாவியைப் போடாமல் டோ செய்து கொண்டுபோவதுதான் முறை.

ஆக்சஸரீஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீட் கவர், மேட், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் வெளியே மலிவு. 'இருபதாயிரத்துக்கு ஆக்சஸரீஸ் ஃப்ரீ' என்பதைவிட அதில் பாதியைப் பணமாகக் குறைக்கச் சொல்வது நல்லது. எங்கள் உப்புக் காற்றுக்கு அடிப்பாகக் கோட்டிங் அடிப்பதை மட்டும் நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

லோனில் ஒரு கேள்வி போதும்: வட்டி ஃப்ளாட்டா, குறையும் பாக்கிக்கா? 6 லட்சத்துக்கு 7 சதவீத ஃப்ளாட் என்று ஐந்து வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 13,500 வரும். குறையும் பாக்கிக் கணக்கில் அது பன்னிரண்டரை சதவீதத்தைத் தொடுகிறது. சம்பளம் வரும் வங்கியில் முதலில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

எப்போது வாங்குவது என்பதில் நம் பஞ்சாங்கத்தைச் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள், மார்கழியிலும் எடுக்க மாட்டார்கள். ஷோரூம் காற்றாடும், சலுகை கூடும். மார்கழியின் முதல் பாதி டிசம்பரில் வருவதால், வருஷம் மாறுவதற்குள் இருப்பைத் தள்ள வேண்டிய அவசரமும் டீலருக்குச் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தள்ளுபடி சும்மா வருவதில்லை: ஜனவரியில் அது போன வருஷத்து வண்டி, விற்கும்போது விலையில் தெரியும். பத்து வருஷம் வைத்து ஓட்டுபவருக்கு அது பெரிய நஷ்டமில்லை. நாலு வருஷத்தில் மாற்றுபவர் யோசிக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் ஆடி வேண்டாம் என்றால், எங்கள் தெருவில் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஆடிப்பெருக்கு நல்ல நாள். யாரும் குறை சொல்வதில்லை. அது ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். சலுகையோ மாதக் கணக்கில், ஜூலை 31-ஓடு முடிந்துவிடும். அதுவும் பில் தேதிக்குத்தான், புக்கிங் தேதிக்கு இல்லை. ஜூலைக் கடைசியில் பில் போட்டு, பதினெட்டாம் பெருக்கன்று சாவி வாங்கலாமா என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள் வண்டி யார்டில் நிற்பதற்குப் பொறுப்பு அவர்களுடையது என்பதும் அதில் இருக்கட்டும்.

முழுப் பணம் கட்டுவதற்கு முன், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன், யார்டுக்கே போய் வண்டியைப் பாருங்கள். பதிவானபின் அது நம் வண்டி, குறை சொன்னால் ரிப்பேர்தான் செய்வார்கள். சேஸிஸ் நம்பரை பில்லோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். ஐந்து டயரிலும் பார்த்தால் வண்டி எத்தனை மாதமாக நிற்கிறது என்று ஒரு கணக்கு கிடைக்கும். விற்பனைச் சான்றான 21-ஆம் படிவத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். மழைக்காலம் முடிந்து எடுப்பவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் வண்டல் கோடு இருக்கக் கூடாது. ஸ்டெப்னி குழியின் மேட்டைத் தூக்கி மண் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். காசை டீலரின் கம்பெனிக் கணக்குக்கே அனுப்புங்கள். சேல்ஸ்மேனின் சொந்த ஜி-பே நம்பருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தருபவர்கள் அதன் விலையைப் புது வண்டி விலையோடு கலக்க விடாதீர்கள். முதலில் புது வண்டிக்குப் பேசி முடித்து எழுதி வாங்குங்கள், அப்புறம் பழையதைக் காட்டுங்கள். அதன் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். அது வண்டியோடு போவதில்லை, உங்களுடையது. காப்பீட்டுக் கம்பெனியிடம் சான்று வாங்கிப் புது பாலிசியில் கழித்துக்கொள்ளுங்கள். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிடாமல், பரிவாகன் தளத்தில் பழைய ஆர்.சி. வேறு பெயருக்கு மாறும்வரை மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள். பெயர் மாறாத வண்டி எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.