டிஸ்க் மாட்டியும் வண்டி நிற்கவில்லையா? பழைய மோட்டார்ஹோம் பிரேக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் 1973 முதல் 1978 வரை தயாரான ஜிஎம்சி மோட்டார்ஹோம்களை அங்கே இன்றும் ஆசையோடு ஓட்டுகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5 டன் எடை. இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை மட்டும். முன்னால் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் நான்குக்கும் டிரம். அந்த நான்கையும் டிஸ்க்காக மாற்றிவிட்டு, “முன்பே பரவாயில்லை” என்று நொந்துகொள்பவர்கள் உண்டு. பலருக்கும் கோளாறு தொடங்குவது சில தவறான நம்பிக்கைகளில்.

நம்பிக்கை: டிஸ்க் போட்டால் லேசாக மிதித்தாலே நிற்கும்.

உண்மை: டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்மே ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அழுத்தம் முழுவதும் பிரேக் ஆயில் வழியாகத்தான் வர வேண்டும். பெடல் கட்டை மாதிரி இருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனால் பூஸ்டரைப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் வேக்குவம் ஹோஸிலோ பழுது.

நம்பிக்கை: பெடல் ஆழமாகப் போனால் காற்றுதான் காரணம், எடுத்துக்கொண்டே இருந்தால் சரியாகும்.

உண்மை: அதிகம் பேர் நாள்களைத் தொலைப்பது இங்கேதான். முதலில் காலிபர்கள் இடம் வலம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று வெளியே வராது.

நிப்பிள் சரியாக இருந்தும் பெடல் தாழ்கிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். காலிபர் பிஸ்டனின் விட்டம் 75 மி.மீ. என்றால், அது 1 மி.மீ. நகர 4.4 மி.லி. ஆயில் வேண்டும். நான்கு காலிபருக்கு 17.7 மி.லி. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 28 மி.மீ. என்றால், இதைத் தள்ள அதன் பிஸ்டன் ஏறக்குறைய 29 மி.மீ. போக வேண்டும். பெடல் தரையைத் தொடுவதில் வியப்பே இல்லை. தளர்ந்த வீல் பேரிங்கும் கோணலான டிஸ்க்கும் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளி, பிஸ்டன் நகர்ந்து மூட வேண்டிய இந்த இடைவெளியை உண்டாக்கும். அவற்றை முதலில் சரிசெய்யுங்கள். மாஸ்டர் சிலிண்டரை 32 மி.மீ. ஆக்கினால் ஆயில் சுமார் 30 சதவீதம் கூடுதலாக வரும்; ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் கால்வாசி அளவுக்குக் குறையும். அதைப் பூஸ்டர் ஈடுகட்டுமா என்று பார்க்காமல் மாற்றக் கூடாது.

மிதித்துப் பிடிக்கையில் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் அது வேறு நோய். வெளியே ஒழுக்கு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போயிருக்கும்.

நம்பிக்கை: சக்கரம் சூடானால் காலிபர் மட்டம்.

உண்மை: கையில் வைத்த புதுக் காலிபரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். பிடித்துக்கொண்ட சக்கரத்தின் நிப்பிளைத் திறந்துவிடுங்கள். அப்போதும் சுழலவில்லையென்றால் காலிபரின் பிஸ்டனோ சறுக்குப் பின்னோ சிக்கியிருக்கிறது. உடனே தளர்ந்து சுழன்றால் குழாயில் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. டிரம்முக்காகக் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு அகற்றப்படாமல் இருக்கலாம். பூஸ்டரின் தள்ளுகம்பி தேவைக்கு மேல் நீளமாக இருந்து, ஆயில் திரும்பும் துளையை மூடியிருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம்.

நம்பிக்கை: கியரை பார்க்கில் போட்டால் போதும், ஹேண்ட் பிரேக் எதற்கு?

உண்மை: இந்த வண்டியில் பார்க் நிலை பிடித்துவைப்பது முன்சக்கரங்களை மட்டுமே. ஹேண்ட் பிரேக் இருந்ததோ பின்பக்க டிரம்களில். டிரம்மைக் கழற்றி, ஹேண்ட் பிரேக் வசதி இல்லாத காலிபரை மாட்டினால், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கும் நொடியில் 5 டன் வீட்டை எதுவும் பிடித்திருக்காது. அடியில் ஒருவர் படுத்திருக்கக் கூடும். ஹேண்ட் பிரேக் உள்ள காலிபரையே கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால், பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.