மறைநிலைச் சன்னல் யாருக்கு மறைக்கிறது?

பங்சார் லக்கி கார்டன் ஒட்டுக்கடையில் ஓர் அக்கா கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். மூட்டுவலிக்கு மருந்து தேடிய நாளிலிருந்து எதைத் திறந்தாலும் முழங்கால் தைலம், முழங்கால் பட்டை. "இன்காக்னிட்டோவிலதான் தேடுறேன் தம்பி, எப்படித் தெரியுது?"

அந்தக் கறுப்புச் சன்னலின் வலது மூலையைப் பார்த்தேன். அவருடைய படமே சிரித்துக்கொண்டிருந்தது. ஜிமெயில் பார்க்க உள்ளே நுழைந்தவர், அப்படியே தேடியிருக்கிறார்.

இன்காக்னிட்டோ என்னும் மறைநிலைச் சன்னல் மறைப்பது அதே கைப்பேசியை எடுக்கும் வீட்டாரிடமிருந்து மட்டுமே. போகிற தளத்துக்கும் இணைய நிறுவனத்துக்கும் அது திரை போடாது. இதையொட்டி 2020இல் கலிஃபோர்னியாவில் கூகல் மீது வழக்கு வந்தது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகல் ஒப்புக்கொண்டது.

அக்காவின் கூகல் கணக்கில் 'டேட்டா அண்ட் பிரைவசி' போய், 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யைத் திறந்தோம். நாள், மணியோடு வரிசையாகத் தேடல்கள். விடியற்காலை இரண்டே முக்காலுக்கு ஒன்று. மகளிடம்கூடச் சொல்லாத நோயின் பெயர். அக்கா சட்டென்று திரையைக் கையால் மூடிக்கொண்டார்.

இந்தப் பதிவை வெறுமனே நிறுத்தினால் பழையது அப்படியே கிடக்கும். 'டர்ன் ஆஃப் அண்ட் டிலீட்' என்பதைத் தட்டுங்கள். பழைய தேடல் வேண்டுமென்பவர்கள் மூன்று மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம். நோய், கடன், வழக்கு பற்றித் தேட மட்டும் ஃபயர்ஃபாக்ஸில் டக்டக்கோ தேடுபொறி போதும், கணக்குக்குள் நுழையாதீர்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் சஃபாரியின் தேடுபொறியை அமைப்பில் மாற்ற வேண்டும். கூகல் அந்த இடத்தில் இருப்பதற்காக 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. நம் தேடலுக்கு அவ்வளவு மவுசு!

இவ்வளவு செய்தாலும் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். வெளியார் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) வைத்திருப்போரின் முகவரி விசாரிப்புகளையும் உள்ளூர்ச் சேவையகத்துக்கே திருப்பும்படி 2024இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உத்தரவு வந்தது நினைவிருக்கலாம். எதிர்ப்புக் கிளம்பியதும் அதைத் தொடர வேண்டாமென்று சொன்னவர் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில். குரோமில் அந்த விசாரிப்புகளைப் பூட்டி அனுப்பும் 'செக்யூர் டிஎன்எஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். முழு மறைப்பு இல்லை, ஆனாலும் இருக்கட்டும்.

சட்டம் காக்கும் என்று இருந்துவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்குத்தான்; மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது.